தோள் சோர்வது தெரியும், மூளை சோர்வது தெரியுமா?

ஆடித் திங்களின் அழகிய மாலையிலே, ஆற்றங்கரைப் பொன்னியம்மன் வாசலிலே, அடையாற்று வெள்ளமே ஆள்வடிவம் எடுத்து வந்ததோ என்று ஐயுறும்படி அமர்ந்திருக்கும் அவையோரே! இந்த அவைக்குத் தலைமை தாங்குவதோடு ஆண்டுதோறும் அம்மனையும் தாங்குகிற, பொன்னியம்மன் தோள்தாங்கிகள் மன்றத்தின் தலைவர், என் பெருமதிப்பிற்குரிய தணிகாசலம் ஐயா அவர்களே! நோயாளிகள் நெருக்கும் நேரத்திலும் நம் அழைப்பை நெஞ்சில் ஏற்று வந்திருக்கும் மனநல மருத்துவர் மதுவந்தி அவர்களே! பல்லக்குத் தண்டு பட்டுக் காய்த்த தோளுக்குச் சொந்தக்காரர்களான பெரியோர்களே! கூழ் ஊற்றிக் கை சிவந்த தாய்மார்களே! மைக்கைச் சரிசெய்கிறேன் என்று மேடையேறி இன்னும் இறங்காமல் நிற்கிற ஒலிபெருக்கித் தம்பியே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உள்ளங்கை சேர்த்த வணக்கம்.

நான் ஜெயபாரதி. தியாகராய நகரில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். இந்த ஆற்றங்கரையில் பிறந்து, பெருவெள்ளத்துக்குப் பிறகு வீடு பெரும்பாக்கத்துக்குப் போனபோதும், விலாசத்தை மாற்றிக்கொண்டு விசுவாசத்தை மாற்றிக்கொள்ளாத குடும்பத்தில் வந்தவள். "ஜெயா டீச்சர், ஆன்மிகச் சொற்பொழிவுதானே?" என்று வரும்போதே ஓர் அம்மா கேட்டார். இல்லை அம்மா. நான் பேச வந்தது மூளையைப் பற்றி. என்ன, முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள், சுண்டல் கடைசியில்தான் கொடுப்பார்கள்.

நாளை அம்மன் ஊர்வலம். பல்லக்கு அடையாறு பாலம் தாண்டும், மந்தைவெளி காணும், திரும்பி வரும். எத்தனை கோயிலில் எத்தனை வாகனம் இருந்தாலும், நம் அம்மன் டிராக்டரில் போனதில்லை. ஏன்? நம்மிடம் டிராக்டர் இல்லாததாலா? நம்மிடம் தோள் இருப்பதால்! வீடு போனது, குழாயடி போனது, தெருவின் பெயர்கூட வரைபடத்தை விட்டுப் போனது. ஆனால் ஆடி வந்தால், பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து அதே தண்டின் கீழ் அதே தோளைக் கொடுக்கிற ஜனம் உலகத்தில் எங்கே இருக்கிறது? இங்கே இருக்கிறது. அந்தப் பெருமையோடுதான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இந்தத் தோளுக்கு ஒரு சட்டம் உண்டு. நம்மவர்களுக்குத் தெரியும், மருத்துவர் அம்மாவுக்காகச் சொல்கிறேன். ஊர்வலத்துக்கு முன் ஒவ்வொரு தோள்தாங்கிக்கும் மஞ்சள் துணி கட்டுவோம். துணி கட்ட வராதவனின் இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும், போனால் போனதுதான். அந்த முன்தண்டின் வலப்பக்கம் இருக்கிறதே, அது என் அப்பாவின் இடம். அவர் மறைந்த பிறகு என் அண்ணன் அசோகனின் இடம்.

அசோகனைத் தெரியாதவர் இங்கே யார்? மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் கதையை நான் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு. பேரோட சொல்லு. பேர வுட்டுட்டு சொன்னா நான் இன்னமோ திருடுனா மாதிரி ஆயிடும்" என்றார். அதனால் பேரோடு சொல்கிறேன்.

அப்பா மறைந்த ஆண்டு அது. விடியுமுன் எழுந்து பெரும்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வருவார். இருட்டிய பின் திரும்புவார். தூக்கம் குறைந்தது. யாராவது ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். உள்ளங்கை வியர்க்கும். சவாரி ஏறியவர் "சீக்கிரம் போங்க" என்றாலே நெஞ்சு படபடக்கும். "மாரடைப்புதான்" என்று அவரே தீர்மானம் செய்து, ராயப்பேட்டையில் இ.சி.ஜி. எடுத்தார். கோடு சீராக இருந்தது. மறுவாரம் வடபழனியில் இன்னொன்று எடுத்தார். அதுவும் சீராகத்தான் இருந்தது. கோளாறு நெஞ்சில் இல்லை என்று சொன்ன காகிதத்தைக் கோபத்தோடு மடித்து வைத்தார்.

அவையோரே, என்ன நடந்தது அந்த உடம்பில்? இங்கேதான் என் பாடம் வருகிறது. பயப்படாதீர்கள், பரீட்சை வைக்கமாட்டேன்.

ஆபத்து வந்தால், மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்கிற சின்னஞ்சிறு பகுதி ஆணையிடும். அதன் கீழே பட்டாணி போலத் தொங்கும் பிட்யூட்டரி அந்த ஆணையை இரத்தத்தில் இறக்கும். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போட்டது போல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கூடவே அட்ரினலினும் பாயும். இதயம் ஓடும், இரத்தம் தசைக்கு ஏறும், கண் விரியும். எதிரே தறிகெட்டு லாரி வந்தால் ஆட்டோவை ஒடிக்கிறோமே, அந்த நொடியின் அறிவு அது. அதைப் பழிக்காதீர்கள். நம் முன்னோரைப் புலியிடமிருந்து காத்ததும் அதுதான், நம்மை மாநகரப் பேருந்திடமிருந்து காப்பதும் அதுதான்.

ஆனால் கேட்கிறேன். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வரவேண்டும். தீ அணைந்த பிறகும் அந்த வண்டி போகாமல் வாசலிலேயே நின்று மணியடித்துக்கொண்டே இருந்தால்? காலையில் மணி, கஞ்சி குடிக்கும்போது மணி, கண் மூடினால் மணி! வீட்டில் யார் தூங்குவார்? கார்ட்டிசோல் இயல்பாகக் காலையில் உயரும், இரவில் தாழும். கவலை ஓயாதபோது அந்தக் கணக்கு குலைகிறது. தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மனம் கெடுகிறது. மனம் கெட்டால் மறுபடி தூக்கம். இப்படித்தான் மன அழுத்தம் பதற்றமாகிறது, பதற்றம் பல நாள் நின்றால் மனச்சோர்வுக்கு வழி வெட்டுகிறது.

செரடோனின், டோபமைன் என்று நரம்புக்கு நரம்பு சேதி சொல்லும் தூதுப் பொருள்களும் உண்டு. அவற்றின் ஓட்டமும் இதில் மாறும். மருத்துவர் என்னைப் பார்க்கிறார். ஆமாம் டாக்டர், எல்லாவற்றையும் ஹார்மோன் என்று ஒரே சட்டியில் போடக்கூடாது. ஏதோ ஒன்று குறைந்தது, அதை ஊற்றினால் சரியாகும் என்றும் சுருக்கக்கூடாது. இழப்பு, உழைப்பு, தூக்கம், தைராய்டு, பரம்பரை என்று பல கை சேர்ந்து பின்னும் பின்னல் அது. தலையாட்டிவிட்டார். தேறிவிட்டேன்.

பதறிக்கொண்டிருந்த அசோகன் ஒருநாள் பதறுவதை நிறுத்தினார். எல்லோரும் நிம்மதி என்று நினைத்தோம். அது நிம்மதி இல்லை. பேச்சு நின்றது, தாடி வளர்ந்தது, ஆட்டோவின் மேல் தூசி படிந்தது. வஞ்சிரம் வறுத்து வைத்தாலும் தட்டை நகர்த்திவிட்டார். எங்கள் குடும்பத்தில் வஞ்சிரத்தை ஒருவர் நகர்த்துகிறார் என்றால் அது சாதாரண நோயா? என் அண்ணி அன்புச்செல்வி கேட்டார்:

"இன்னாத்துக்குய்யா சொவத்தையே பாத்துக்கினு குந்திகினு கீற?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா பல்லு வெளக்காம கீற?"

"எழுந்துக்க முடியல செல்வி. பல்லக்கே எம்மேல ஏறி குந்திகினா மாதிரி கீது."

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் குடி என்றார். குடிக்காத மனிதரைப் பார்த்துச் சொன்னார். ஒருவர், "ஆம்பளைக்கு இன்னா சோகம், வேலைக்குப் போனா சரியாப்பூடும்" என்றார். அன்புச்செல்வி எல்லோருக்கும் காபி கொடுத்தார், எல்லோர் பேச்சையும் கேட்டார், எல்லோரும் போன பிறகு புருஷனுக்குச் சட்டை மாட்டி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். மேடையில் இருப்பவர்களுக்குத்தான் மாலை போடுவீர்களா? கீழே, மூன்றாவது வரிசையில், பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணுக்குக் கைதட்டுங்கள். சத்தம் பாலம் வரை கேட்கட்டும்.

மருத்துவர் மதுவந்தி பார்த்தார், பேசினார், பேசவைத்தார், மாத்திரை கொடுத்தார். "இது இன்னிக்குப் போட்டு நாளைக்கு வேலை செய்யற மாத்திரை இல்லை. சில வாரம் ஆகும். நடுவுல நீங்களா நிறுத்தக்கூடாது" என்றார். சொன்னபடியே, சில வாரத்தில் அண்ணன் முகத்தைச் சவரம் செய்தார். பிறகு ஆட்டோவைத் துடைத்தார். பிறகு ஒருநாள் தட்டில் வஞ்சிரம் போதவில்லை என்று சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்டு அண்ணி சமையலறையில் நின்று அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

இங்கேதான் அவையோரே, ஒரு பிழை நடந்தது. பணக்காரத் தெருவில் நடக்காத பிழை, படித்த அபார்ட்மெண்டில் நடக்காத பிழை, நம்மிடம் மட்டுமே நடக்கக்கூடிய பிழை. நம் பழக்கம் என்ன? ஒரு வீட்டில் நெத்திலிக் குழம்பு கொதித்தால் நாலு வீட்டுக்குக் கிண்ணம் போகும். போன கிண்ணம் வெறுமனே திரும்பாது, வடையோடு திரும்பும். குழம்பை மட்டுமா பகிர்கிறோம்? முட்டி வலி மாத்திரை, வாய்வு மாத்திரை, தலைவலித் தைலம், கண்ணுக்குப் போடும் சொட்டுமருந்து வரை பகிர்கிறோம். "எனுக்குக் கேட்டுச்சு, நீயும் ஒன்னு போடு." இதுதானே நம் மருத்துவ சாஸ்திரம்?

அசோகன் எழுந்து நடமாடுவதைப் பார்த்த ஜனம் வரிசையில் வந்தது. "நைனா, இன்னா மாத்தர அது? முகம் தேஜஸா கீது. ஒன்னு குடேன்" என்று வந்தவர் பாலு. அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், அதே முன்தண்டின் இடப்பக்கத் தோள். பாலு அண்ணே, எங்கே குனிகிறீர்கள், எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அடுத்த வீட்டு ஜஹீதா அக்கா தூக்கம் வரவில்லை என்று வந்தார். இன்னும் நாலைந்து தோள்தாங்கிகள் வந்தார்கள். இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர் என் அண்ணன். அட்டையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். மாத்திரை போன வீடுகளிலிருந்து கிண்ணங்கள் வந்தன. ஒரு வாரம் அவர் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

விளைவு என்ன? பாலு அண்ணன் சவாரி ஏறிய அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டிலேயே தூங்கிவிட்டார். அந்த அம்மாவே தட்டி எழுப்பி, "உடம்பு சரியில்லையாப்பா?" என்று கேட்டு இறங்கிப் போனார். ஜஹீதா அக்கா வாந்தியெடுத்தார். சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இதன் மறுபக்கத்தில் சிரிப்பு இல்லை. மாத்திரை தீர்ந்துபோனது. "அதான் நல்லாதான் கீறேனே" என்று அண்ணன் விட்டுவிட்டார். திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், எரிச்சல் ஏறும், அடங்கிய நோய் திரும்பி அடிக்கும். திரும்பி அடித்தது. முன்னைவிட மூர்க்கமாக அடித்தது.

ஒருநாள் காலை. அண்ணி காபி கொடுக்கிறார். அண்ணன் டம்ளரை வாங்காமல் சொல்கிறார்: "நான் இல்லன்னா நீங்கல்லாம் நிம்மதியா இருப்பீங்க செல்வி."

தாய்மார்களே, இந்த வார்த்தையை உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? "அபசகுனமா பேசாதே" என்று வாயை மூடுவீர்கள். அன்புச்செல்வி மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "செத்துப்போலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டார். கேட்டால் அந்த எண்ணம் வளரும் என்று நினைக்கிறோம். வளராது, கேட்டால்தான் அது வெளியே வரும். "தோணுது" என்றார் என் அண்ணன். அண்ணி அவர் கையை விடவேயில்லை. மற்ற கையால் போனை எடுத்தார். "பாலு அண்ணே, ஒடனே வா. இவரு பேசறது சரியில்ல."

பாலு வந்தார். தனியாக வரவில்லை. ஸ்டாண்டில் நின்ற அத்தனை ஆட்டோவும் பெரும்பாக்கம் வந்தது. பல்லக்குத் தூக்குகிற அத்தனை பேரும் படியேறி வந்தார்கள். யாரும் புத்தி சொல்லவில்லை, யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை. பாலு மட்டும், "வா மச்சி, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினே பேசலாம்" என்றார். அன்புச்செல்வி ஒருபக்கம், பாலு ஒருபக்கம், நடுவில் என் அண்ணன்.

மனநலப் பிரிவின் வாசலில் செவிலியர் ஆரோக்கியமேரி தடுத்தார். இத்தனை பேரைப் பார்த்தால் யார்தான் தடுக்கமாட்டார்? "பேஷன்ட்டோட ஒருத்தர் மட்டும் வாங்க. மத்த அட்டெண்டர்லாம் வெளியில நில்லுங்க" என்றார்.

பாலு சொன்ன பதிலைக் கேளுங்கள். "நாங்க அட்டெண்டர் இல்லக்கா. நாங்களும் பேஷன்ட்டுதான். அவன் மாத்தரைய துன்னவங்க."

ஆரோக்கியமேரி அம்மா சிரிக்கவில்லை. "எல்லாரும் பேர் குடுத்துட்டு வரிசையில உக்காருங்க" என்றார். உட்கார்ந்தார்கள். ஆற்றங்கரைத் தோள்தாங்கிகள், புயலுக்கும் போலீஸுக்கும் அசையாதவர்கள், மனநலப் பிரிவின் பெஞ்சில் பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாத்திரை கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே தூங்கிப் பல மாதம் ஆனவர்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாலுவும் அதில் ஒருவர். கேலி செய்துகொண்டே மாத்திரை கேட்டாரே, அது கேலி இல்லை.

மருத்துவர் மதுவந்தி அசோகனை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். மற்றவர்களைத் தனித்தனியாகப் பார்த்தார். ஒருவருக்குத் தைராய்டு, ஒருவருக்குப் பேச்சே போதும், ஒருவருக்கு வேறு மாத்திரை. கடைசியில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரே திட்டு: "குழம்பைப் பகிருங்க. மாத்திரையைப் பகிராதீங்க." இந்த வாசகத்தை நாளை நம் பந்தலில் பேனராகக் கட்டப்போகிறோம். டாக்டர், உங்கள் படம் போடவில்லை, பயப்படாதீர்கள்.

அண்ணன் வீடு திரும்பினார். ஆனால் துணி கட்டும் நாள் நெருங்கியது. இந்த ஆண்டு பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். துணி கட்டாவிட்டால் இடம் போகும். அப்பாவின் இடம். அண்ணன் மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். மன்றம் கூடியது. சட்டம் சட்டம்தான் என்று சிலர் சொன்னார்கள். நம் தலைவர் தணிகாசலம் ஐயா சட்டத்தில் கறாரானவர், தம் சொந்தத் தம்பியின் இடத்தையே பறித்தவர். அவர் எழுந்து கேட்ட கேள்வியை அவர் குரலிலேயே சொல்கிறேன், மன்னியுங்கள் ஐயா.

"தோள் எலும்பு ஒடஞ்சா எடம் பூடுமா? பூடாது. ஒடம்பு தேறி வர்ற வரிக்கும் கைமாத்தா ஒருத்தன் தூக்குவான். நம்ம சட்டத்துலயே கீது. அப்பால, மூளை ஒடம்புல இல்லாம பக்கத்து ஊட்லயா கீது?"

அடடா! உயிரியல் படித்து, பட்டம் வாங்கி, கரும்பலகையில் படம் போட்டு நான் வருஷக்கணக்காகச் சொல்ல முயன்றதை ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். மன்றம் ஒரே குரலில் ஒப்புக்கொண்டது. நாளை முன்தண்டின் வலப்பக்கத்தில் கைமாற்றாகத் தோள் கொடுப்பவர் வேறொருவர். இடம் அசோகனுடையது.

நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன். கோபுரம் கட்டியது ஒரு பெருமை என்றால், குளம் வெட்டியது ஒரு பெருமை என்றால், மனம் உடைந்தவனின் இடத்தை மற்றவன் எடுக்கமாட்டேன் என்று எழுந்து நின்ற இந்த ஜனம் அதைவிடப் பெரிய பெருமை! காலில் அடிபட்டவனைக் கைத்தாங்கலாகப் பிடிக்கிறோம். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுக்கிறோம். மனச்சோர்வு வந்தவனை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும்? சுரப்பி சாதி பார்த்துச் சுரப்பதில்லை. நரம்பு பணம் பார்த்து நோவதில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் இருப்பவருக்கும் அதே கார்ட்டிசோல்தான், ஈக்காட்டுத்தாங்கல் லேத்துப் பட்டறையில் நிற்பவருக்கும் அதே கார்ட்டிசோல்தான். வெட்கப்பட வேண்டியது நோயாளி அல்ல. நோயாளியைத் தனியே விட்டவர்கள்தான். நாம் விடவில்லை. உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது உயிரின் மேல் வெறுப்பு தோன்றினால் 14416 என்ற எண் இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது, அதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவு இருக்கிறது. தட்டுங்கள்.

முடிக்கப் போகிறேன். தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். முடிக்கும் முன் ஒன்று. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்ட்டியா?" என்று கேட்போம். அதில் எவருக்கும் கூச்சமில்லை. அதே வாயால், அதே சத்தத்தில், இத்தனை பேர் நடுவில், இன்னொரு கேள்வியையும் நான் கேட்கப்போகிறேன். என் அண்ணன் கடைசியில், வேப்பமரத்துப் பக்கம் நிற்கிறார். தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு.

அண்ணே, இன்னிக்கு மாத்திரை போட்டியா?

கேட்டதா, அவையோரே? பின்வரிசைக்குக் கேட்டது, முன்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்கிறேன். "போட்டாச்சு. நீ சாப்ட்டியா? அப்ப புடிச்சி பேசிக்கினே கீற" என்கிறார்.

அண்ணன் சொல்லிவிட்டார், நிறுத்திக்கொள்கிறேன். செவி கொடுத்த பெரியோர்க்கும், சிரித்தும் கலங்கியும் உடன் வந்த தாய்மார்க்கும், மணியை அடிக்காமல் பொறுத்த தலைவர்க்கும் நன்றி. நாளை அம்மன் நம் தோளில் வருவாள். வந்திருங்கள். வணக்கம்.